ஜனவரி ஒன்றைத் தின்றது யார்

ஆடிப் பெருக்குக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அன்றைக்குத்தான் சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டரைச் சாமி முன்னால் வைத்து, சூடம் காட்டி, ஆர்டர் பிடிக்கத் தொடங்குவார்கள். அந்த நேரம் பார்த்து முத்துக்கிருஷ்ணன் அண்ணாச்சியின் அச்சாபீசில் ஜனவரி ஒன்றாம் தேதியைக் காணோம்.

கண்டுபிடித்தவர் சாத்தூர் சேவுக்கடைக்காரர். பழைய வாடிக்கை என்பதால் முழு வருஷத்துத் தினசரித் தாளையும் ஒரு செட் அடித்து அவருக்கு மாதிரி அனுப்பியிருந்தார்கள். அவர் போன் போட்டு, உங்க ஊரில் புதுவருஷம் மூன்றாம் தேதிதான் பிறக்குமா என்று நிதானமாகக் கேட்டாராம். அண்ணாச்சி அந்தப் போனை வைத்த கையோடு யாஸ்மினைக் கூப்பிட்டார்.

யாஸ்மின், பேப்பர் வியாபாரி பீர் முகைதீனின் மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு, அண்ணன் தவுபிக் மாதிரி சென்னைக்குப் போகாமல் மாடியறையில் உட்கார்ந்து நாளெல்லாம் தட்டிக்கொண்டிருப்பது ஏன் என்பது தெருவுக்குத் தீராத கவலை. நாள், நட்சத்திரம், தொழுகை நேரம், பண்டிகை எல்லாவற்றையும் தாள் தாளாக அடுக்கிக் கொடுக்கிற அண்ணாச்சியின் காலண்டர் புரோகிராம் அவள் எழுதியது. திரும்பத் திரும்ப வருகிற வேலைகளுக்கென்று ஹெல்ப்பர் பங்ஷன் என்ற பெயரில் சின்னச் சின்னத் துண்டுகள் எழுதி வைத்திருப்பதாக ஒருநாள் வீட்டில் சொன்னாள். அம்மா கமருன்னிசா அதைக் கொண்டுபோய்த் தண்ணி லாரி பக்கத்தில், "எம் மகளுக்குக் கீழ அஞ்சாறு ஹெல்ப்பர்" என்று அவிழ்த்துவிட்டாள். மாடிப்படியில் ஒருத்தரும் ஏறி இறங்கக் காணோமே என்று சில பேர் கொஞ்ச நாள் கண்காணித்ததும் உண்டு.

அவள் போய்ச் சேர்ந்தபோது அச்சாபீசில் விசாரணை நடந்துகொண்டிருந்தது. அச்சுக்குப் பிளேட் போடுகிற வேல்விழிதான் மாதிரிக் கட்டையும் அடுக்கி அனுப்பியவள். கட்டு மூன்றாம் தேதியில் தொடங்கியதை அவளும் பார்த்திருக்கிறாள். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை. காரணம் அண்ணாச்சியின் பழக்கம். எந்த வேலையானாலும் முதல் தாளை எடுத்துச் சந்தனப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்கு அடியில் செருகிவிடுவார். ஒரு தாளை அண்ணாச்சி எடுத்திருப்பார், இன்னொரு தாளில் மை அப்பியிருக்கும், மெஷின்காரர் கசக்கிப் போட்டிருப்பார் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். மெஷின்காரரோ, ரெண்டையும் அண்ணாச்சி எடுத்திருப்பார் என்று இருந்துவிட்டார். மேல்தாள் காணாமல் போனால் அந்த ஆபீசில் யாரும் தேடுவதில்லை.

யாஸ்மின் சாமி படத்தடியில் இருப்பதை எடுத்துப் பார்க்கச் சொன்னாள். அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எடுத்தார். சேவுக்கடை, பாத்திரக்கடை, பட்டாசுக் கம்பெனி என்று எல்லா மாதிரிக்கும் முதல் தாள், பளிச்சென்ற சந்தனத்தோடு, ஜனவரி இரண்டு. பொட்டு வைக்கிற அவசரத்தில் தேதியை யார் படிக்கிறார்கள்?

ஆக, தாளை யாரும் எடுக்கவில்லை. தாள் அடிக்கப்படவே இல்லை.

அண்ணாச்சி கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். போன வருஷம் இவள் புரோகிராமை ஓட்டி ஆபீஸ் கம்ப்யூட்டர் உறைந்து நின்றதை நினைவூட்டினார். பிறகு தாழ்ந்த குரலில், "நாளைக்கு மத்தியானம் சென்னைக்காரக வாராக. ஒங்க அண்ணன் சொன்ன கம்ப்யூட்டர் கம்பெனிதான். அதுக்குள்ள சரியாச்சுன்னா நீயே பாரு. இல்லைன்னா வேலையை அவகட்டக் குடுத்துருவேன், கோவிச்சுக்கிடாத தாயி" என்றார்.

"சரியாக்கித் தாரேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் பிளேட்டை மெஷின்ல ஏத்தாதீக."

வீட்டுக்கு வந்தவள் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மாடியேறினாள். பின்னாலேயே வந்த கமருன்னிசாவின் கேள்விகளுக்கு உம் என்ற ஒரே பதில்.

விஷயம் இதுதான். போன வருஷம் அத்தனை கடைக்காரர்களின் வருஷத்தையும் ஒரே குவியலாகக் கம்ப்யூட்டர் முன்னால் கொட்டியதில்தான் அதற்கு மூச்சு முட்டியது. அதனால் இந்த வருஷம் ஒரு தாள் கேட்டால் ஒரு தாள் வருகிற மாதிரி மாற்றியிருந்தாள். இட்டரேட்டர் என்று அதற்குப் பெயர். பாரம் கிடையாது, ஆனால் ஒரு குணம் உண்டு: கொடுத்ததை மறுபடி கொடுக்காது. சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டர் மாதிரிதான், கிழித்தது கிழித்ததுதான்.

அவளுடைய ஹெல்ப்பர்களில் ஒன்றுக்கு எட்டிப்பார் என்று பெயர். வரிசையில் ஏதாவது இருக்கிறதா, காலியா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. குவியலாக இருந்த காலத்தில் எட்டிப் பார்த்தால் ஒன்றும் குறையவில்லை. இப்போதோ, இருக்கிறதா என்று பார்க்கவே ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். அது வாங்கிப் பார்த்து, இருக்கிறது என்று சத்தியமாகச் சொல்லிவிட்டு, வாங்கியதைக் கீழே போட்டுவிட்டது. மூன்று பொருளைக் கொடுத்துச் சோதித்தாள். இரண்டுதான் வெளியே வந்தது. எல்லாவற்றையும் மாற்றியவள், இந்த ஒன்றை மாற்ற மறந்திருந்தாள்.

அதற்குள் தவுபிக் போன். அண்ணாச்சி அவனிடமும் சொல்லியிருக்கிறார். தங்கச்சி விளக்கியதைக் கேட்டுச் சிரித்தான். "இதுக்கா சோறு திங்காம இருக்கே? முன்னாடி ஒரு வெத்துத் தாளைச் செருகு. அது அதைத் தின்னுட்டுப் போகட்டும். அஞ்சு நிமிச வேலைதாம்ளா." சொன்னதோடு நிற்காமல் அண்ணாச்சிக்கும் அதையே சொல்லி வைத்தான். கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சியும் கூப்பிட்டு, அம்புட்டுதானாமே, முதல் பிளேட்டை மட்டும் மாற்றினால் போதுமாமே என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி.

வெத்துத் தாளைச் செருகிப் பார்த்தாள். ஜனவரி ஒன்று ஜம்மென்று வந்து உட்கார்ந்தது. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூடி வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். வேலை கையில், அண்ணாச்சிக்குச் சந்தோஷம், அண்ணனுக்குப் பெருமை. அவள் போகவில்லை. வாசலில் தின்றது, உள்ளறையில் மட்டும் சும்மா இருந்திருக்குமா என்று உறுத்தியது. எட்டிப்பாரை வேறு எங்கெங்கே கூப்பிட்டிருக்கிறோம் என்று தேட ஆரம்பித்தாள்.

காலண்டர் என்பது பார்வைக்குத்தான் தட்டை. உள்ளே அது தீபாவளிக்கு விற்கிற கிப்ட் பாக்ஸ் மாதிரி, பெட்டிக்குள் பெட்டி. வருஷத்துக்குள் நாள், நாளுக்குள் பண்டிகை, அதற்கும் உள்ளே ஒவ்வொரு கடைக்காரரும் தனக்கென்று கேட்டு வாங்குகிற சொந்த நாட்கள். எத்தனை பெட்டி ஒன்றுக்குள் ஒன்று இருந்தாலும் பிரித்து ஒரே வரிசையாகக் கொட்ட அவளிடம் இன்னொரு ஹெல்ப்பர் இருந்தது. அது ஒழுங்கான பிள்ளை. ஆனால் சொந்த நாட்களுக்குக் கட்டம் போடும் முன், அந்தப் பெட்டியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்க அவள் அனுப்பி வைத்தது எட்டிப்பாரைத்தான்.

சேவுக்கடைக்காரர் ஒரே தாளில் இரண்டு கேட்டிருந்தார்: இருக்கன்குடித் திருவிழா, கடை தொடங்கிய நாள். கடை தொடங்கிய நாள் மட்டும் இருந்தது. ஒன்றே ஒன்று கேட்டவர்களுக்கு வெறும் கட்டம். ஏதோ குறித்துக்கொள்ள இடம் விட்டிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

பொழுது சாய்வதற்குள் செருகிய வெத்துத் தாளை உருவி எறிந்தாள். எட்டிப் பார்க்க எடுத்ததை வரிசையின் தலையில் திரும்ப வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும் என்று அந்த ஹெல்ப்பரை மாற்றினாள். காலிப் பெட்டி, ஒன்று இருக்கிற பெட்டி, பெட்டிக்குள் பெட்டி என்று எல்லாவற்றையும் கொடுத்துச் சோதித்தாள். ஒன்றும் குறையவில்லை. அதன்பிறகுதான் கீழே இறங்கிச் சோறு கேட்டாள்.

புரோகிராம் சரியாகிவிட்டது. சரியாகாதது, போட்டு வைத்திருந்த பிளேட்டுகள்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி நல்ல குஷியில் இருந்தார். வருகிற சென்னைக்காரர்களை வர வேண்டாம் என்று சொல்வது மரியாதையில்லை, சும்மா பேசி அனுப்பிவிடலாம் என்றார். யாஸ்மின் உட்காரவில்லை. பழைய பிளேட் ஒன்றுகூட உதவாது, எல்லாவற்றையும் மறுபடி போட வேண்டும் என்றாள்.

அண்ணாச்சிக்குக் குஷி வடிந்தது. ஆடிப் பெருக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சா இது, பாத்திரக்கடைக்காரர் பார்த்து ஓகே சொல்லிவிட்டாரே, உன் அண்ணன் அஞ்சு நிமிஷம் என்றானே என்று அடுக்கினார். கட்டத்தில் ஒரு வரி குறைந்தால் எவன் பார்க்கப் போகிறான் என்றும் கேட்டார்.

அவள் சாத்தூருக்குக் கிழக்கே இருக்கிற பட்டாசுக் கம்பெனியின் தாள் ஒன்றை மேஜைமேல் வைத்தாள். ஆனி மாசத்துத் தாள். வெறும் கட்டம்.

"இதுல அவக கேட்டது ஒரே வரிதான் அண்ணாச்சி. கம்பெனி விடுமுறை. முன்னாடி அங்க நடந்த வெடி விபத்துல போனவக நாளு."

பிளேட்டைத் துடைத்துக்கொண்டிருந்த வேல்விழி நிமிர்ந்தாள்.

"அது எங்க சித்தி நாளு" என்றாள். "இந்தப் பிளேட்டை நாந்தான் போட்டேன். கட்டம் காலியா இருக்கவும், சரி, இந்த வருசத்தோட கம்பெனிக்காரக விட்டுட்டாக போலன்னு நெனச்சுக்கிட்டேன். யார்ட்டக் கேக்க?"

அண்ணாச்சி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்தில் அந்த வரி இருக்கும் என்பதுபோல.

"ஓகே சொன்னவகளுக்கும் மாத்தணுமா?"

"அவகளுக்குத்தான் மொதல்ல. ஓகே சொன்னவக மறுபடி பாக்க மாட்டாக."

"நான் என்னன்னு சொல்ல?"

"எழுதுன புள்ள தப்புப் பண்ணிட்டான்னு சொல்லுங்க. என் நம்பரையும் குடுங்க."

அவர் வேல்விழியைப் பார்த்தார். கேட்கிற பார்வைதான். வேல்விழி பட்டாசுக் கம்பெனிப் பிளேட்டுகளை அலமாரித் தட்டிலிருந்து உருவிப் பழைய பிளேட் போடுகிற மூலையில் கொண்டுபோய்ச் சாத்தினாள். அப்புறம் சேவுக்கடை. அப்புறம் பாத்திரக்கடை. அண்ணாச்சி தடுக்கவில்லை. போனை எடுத்துச் சென்னைக்காரர்களைக் கூப்பிட்டார். அவர்கள் விருதுநகரைத் தாண்டிவிட்டார்களாம். வேலை இங்கனயே நடக்குது, நம்ம புள்ளையே பாக்குது, வந்தது வந்துட்டீக, சாப்பிட்டுப் போங்க என்றார்.

போனை வைத்துவிட்டு, புது பைல் எல்லாம் மத்தியானத்துக்குள் வந்தால்தான் பிளேட் போட முடியும் என்றார்.

"சாயங்காலம்" என்றாள் யாஸ்மின்.

"மத்தியானம் தாயி. வேல்விழி காத்துக்கிடக்கணும்ல."

"ஒவ்வொரு கடைக்கும் அவக கேட்டதையும் வந்ததையும் நானே ஒத்துப் பாத்துட்டுத்தான் தருவேன். சாயங்காலம்."

அண்ணாச்சி வேல்விழி பக்கம் திரும்பினார். நான் இருந்து போட்டுட்டுப் போறேன் என்று அவள் மூலையிலிருந்தே சொல்லிவிட்டாள்.

"சரி, சாயங்காலமே ஆகட்டும்" என்றார் அண்ணாச்சி. அதற்குள் யாஸ்மின் படியிறங்கி, ஆனி மாசத்துத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பியிருந்தாள்.