எண்ணெய் விரித்த கடல்

பெண் படகில் ஏறினால் கடற்பஞ்சு கிடைக்காது என்று எங்கள் காலிம்னோஸ் தீவு ஆண்கள் சொல்வார்கள். கயிறு பிடிக்கிறவன் காய்ச்சலில் படுத்ததும் அந்தச் சாத்திரமெல்லாம் காற்றில் போய்விட்டது. என் கணவர் சக்கெல்லாரிஸ் பித்தளைத் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார். கொழுந்தன் நோமிக்கோஸ் அவருக்குக் காற்று அனுப்பும் சக்கரத்தைச் சுற்றினான். அவர் இடுப்பில் கட்டிய கயிறு என் கையில். நான் ஒருமுறை இழுத்தால் அவரும் ஒருமுறை இழுப்பார். நலமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இரண்டு தடவை பதில் வந்தது. அடுத்து இழுத்தபோது வரவில்லை. மறுபடி இழுத்தேன். பாறையில் கட்டிவிட்ட கயிறு மாதிரி விறைப்பாக நின்றது.

குமிழி வருகிறதே, பயப்படாதீர்கள் என்றான் நோமிக்கோஸ். சக்கரம் சுற்றுகிறவரை செத்தவன் கவசத்திலிருந்தும் குமிழி வரும் என்று எனக்குத் தெரியாதா?

"அண்ணி, ரெண்டு கையாலயும் புடிச்சு இழுங்க. தூக்கிடலாம்."

"எங்க மாட்டியிருக்குன்னே தெரியாம இழுத்து, காத்துக்குழாய் அறுந்துபோச்சுன்னா? உங்கம்மாகிட்ட நீ போய்ச் சொல்றியா?"

குனிந்து பார்த்தேன். வெளிச்சம் கீழே போய், அவர்மேல் பட்டு, திரும்பி என் கண்ணுக்கு வந்தால்தானே அவர் தெரிவார்? சிற்றலைகள் அதைப் போகும்போதும் உடைத்தன, வரும்போதும் உடைத்தன. வெறும் மினுக்கல்தான் மிச்சம். அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீரில் அமிழ்த்திப் பார்ப்பது வழக்கம். அதைக் காலையில்தான் நோமிக்கோஸ் நங்கூரத்தால் நொறுக்கித் தொலைத்திருந்தான்.

சமையலுக்கு வைத்திருந்த ஒலிவ எண்ணெய் கண்ணில் பட்டது. கண்ணாடி வாளி புழக்கத்துக்கு வருவதற்கு முன்பெல்லாம் எண்ணெய் தெளித்துத்தான் கடலடியைப் பார்ப்பார்களாம். டப்பாவை அப்படியே கவிழ்த்தேன். ஒரு கரண்டி போதுமே, இனி எதில் சமைப்பது என்று அவன் புலம்பினான்.

எண்ணெய் பரவியது. அது தொட்ட இடமெல்லாம் அலை படுத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தண்ணீரே இல்லாததுபோல் கடல் அடிவரை திறந்துகொண்டது. மணல், கறுப்புப் பாறை, மணல்மேல் ஓடும் மீன்களின் நிழல். இத்தனை வருடம் எங்களுக்குப் பிழைப்புக் கொடுத்த இடத்தை அன்றுதான் பார்க்கிறேன். அந்தப் பயத்திலும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

நடுவில் அவர் நின்றார். கயிறும் குழாயும் ஒரு பாறை விளிம்புக்கு அடியில் சேர்ந்தே சிக்கியிருந்தன. இழுத்திருந்தால் குழாயை நானே அறுத்திருப்பேன். அவரோ கவசத்துக்குள்ளிருந்து அது தெரியாமல், சிக்கல் இல்லாத பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தார். சட்டென்று அவர் கை நின்றது. பித்தளைத் தலை மெல்ல நிமிர்ந்தது.

எனக்கு வழிவிட்ட தண்ணீர் அவருக்கும் வழிவிட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, சிக்கல் இருந்த பக்கமாக வீசி வீசிக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் நடந்தார். குனிந்தார். என் கையில் கயிறு தளர்ந்தது. பிறகு ஒருமுறை இழுபட்டது.

மேலே ஏற்றிக் கவசத்தைக் கழற்றியதும், நோமிக்கோஸ் எண்ணெய்க் கணக்கைத் தொடங்கினான். அவர் காதிலேயே வாங்கவில்லை.

"திடீர்னு தலைக்கு மேல எல்லாம் அசையாம நின்னுபோச்சு, தெமெலினா. செத்துட்டேன்னே நெனச்சேன். அண்ணாந்து பாத்தா வானத்துல உன் மூஞ்சி. வாய் மூடாம திட்டிக்கிட்டு இருந்த. சரி, இன்னும் சாகலன்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

நான் திட்டவில்லை. அவர் பெயரைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.