தலைவருக்காக மூடிய கடல்

ஊர்த் தலைவர் விலிகேசா இறந்ததும் பவளப்பாறைக் கடலை மூடினார்கள். நூறாவது நாள் விருந்துவரை அங்கே வலை வீசக் கூடாது, சிப்பி பொறுக்கக் கூடாது, கால்கூட நனைக்கக் கூடாது. மூங்கில் நட்டுத் துணி கட்டியவர் தலைவரின் தம்பி சிரேலி. உயிரோடிருந்த அண்ணன் பேச்சை ஒருநாளும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர். அதற்கும் சேர்த்து இப்போது காவல் காத்தார். காற்றுக்கு ஒதுங்கிய பக்கத்து ஊர்ப் படகைக்கூடக் கல்லெறிந்து விரட்டினார்.

தலைநகர் சூவாவிலிருந்து சாவுக்கு வந்த அவருடைய அக்கா மகள் லித்தியானா ஊரிலேயே தங்கிவிட்டாள். ஒரு காலை, படகில் பாறைக்கு வெளியோரமாகப் போனவள் அரக்கப்பரக்க ஓடிவந்தாள்.

"மாமா, முள் நட்சத்திர மீன் ஏறி வருது. ஒண்ணு ரெண்டில்ல, பாய் விரிச்ச மாதிரி. வந்த வழியெல்லாம் பாறை வெளுத்துக் கிடக்கு."

அந்தப் பிராணி பவளத்தின்மேல் படுத்து, உயிரைக் கரைத்துக் குடித்துவிட்டு, வெறும் சுண்ணாம்பை விட்டுப்போகும். அது சிரேலிக்குத் தெரியாததா?

"வரட்டும். கடல் பாத்துக்கும்."

"என்னத்தப் பாக்கும்? அதத் தின்னுற பெரிய சங்கையெல்லாம் அள்ளி ஹோட்டல்காரனுக்கு வித்தது யாரு? நானா?"

சிரேலிக்குச் சுருக்கென்றது. அந்தச் சங்குகளில் பாதி அவர் கையால் எடுத்தவை.

"வாய் நீளுதுடி உனக்கு."

"மாமன் ஊர்ல எதையும் கேக்காம எடுக்கலாம், அக்கா பிள்ளைக்கு அந்த உரிமை உண்டு. இருந்தும் கேக்குறேன். நாலு பேர் குச்சியோட இறங்கினா எல்லாத்தையும் கரைக்குக் கொண்டுவந்து புதைச்சிடலாம். அத வச்சு நான் குழம்பா வைக்கப்போறேன்?"

"எது வெளிய வந்தாலும் எடுத்தது எடுத்ததுதான். எங்கண்ணன் குழி மண்ணு இன்னும் காயல. இறங்கினே, அப்புறம் என் முகத்துல முழிக்காத."

அவள் இறங்கவில்லை. மறுபடி கேட்கவும் இல்லை.

வெள்ளை நாளுக்கு நாள் கரைப்பக்கம் நகர்ந்தது. பின்னாலேயே பச்சைப் பாசி வந்து மூடியது. நீர் வற்றிய ஒரு மத்தியானம் சிரேலி ஈட்டியோடு மூங்கில்வரை போனார். இப்போது இறங்கினால் அவள் சொன்னது சரியென்று ஆகிவிடுமே! திரும்பிவிட்டார். அண்ணன்மேல் மரியாதை பாதி, வீம்பு பாதி. எந்தப் பாதி பெரிது என்பது அவருக்கே வெளிச்சம்.

கடலைத் திறந்த அன்று ஊரே வலையோடு இறங்கியது. நாலு நண்டு சிக்கியது. பவளம் செத்த இடத்தில் மீனுக்கு என்ன வேலை? பெண்கள் கரையேறி, டப்பா மீனை உடைத்துத் தேங்காய்ப்பாலில் போட்டார்கள்.

விருந்தில் ஊர்ப் பெரியவர் கவா வேர்ச்சாற்றுக் கிண்ணத்தை உயர்த்தினார். "தம்பின்னா இவர்தான்யா தம்பி! அண்ணன் கடல்ல ஒரு சிப்பி குறையல!"

எல்லாரும் கைதட்டினார்கள். சிரேலி மருமகளைத் தேடினார். அவளும் தட்டிக்கொண்டிருந்தாள். கேலியாகத் தட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"குடிங்க மாமா. உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்திருக்காங்க" என்றாள், மெதுவாக.

அண்ணன் உயிரோடிருந்தால் முதல் ஆளாகக் குச்சியோடு இறங்கியிருப்பார். அது சிரேலிக்கு இன்றைக்குத்தான் புரிந்தது என்றில்லை. இவள் ஓடிவந்து சொன்ன அன்றைக்கே தெரியும்.

கிண்ணத்தை வாங்கிக் குடித்தார்.