எட்டுக்குப் பிறகு பதினொன்று

ஒன்பதாவது முறை குதிகாலைத் தூக்கி இறக்கியதும் தம்பியின் கால் வெடவெடத்தது. சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பிசியோதெரபி பெண் தாளில் ஒன்பது என்று எழுதினாள். மூன்று மாதத்துக்கு முன்பும் ஒன்பதுதான்.

தம்பிக்கு ரத்தம் உறையாத வியாதி. சின்ன வயதிலிருந்தே இடது கணுக்காலுக்குள் கசிந்து கசிந்து மூட்டு தேய்ந்துவிட்டது. ஆணி வைத்து இறுக்கிவிட்டால் வலி போய்விடும், ஆனால் கணுக்கால் அசையாது என்றார் பெரிய டாக்டர். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்று, மேல்தட்டுக்கு எம்பி எம்பி மாத்திரை எடுக்கிறவன். அசையாத காலை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? இந்தப் பெண்தான் வழி சொன்னாள். ஆடுசதைக்கும் அதைக் குதிகாலோடு பிடித்திருக்கும் தசைநாணுக்கும் பலம் வந்தால் மூட்டுக்குச் சிரமம் குறையுமாம். ரத்தம் உறைய ஊசி போட்டுக்கொண்டு, தினமும் மூன்று வேளை, வேளைக்குப் பதினைந்து தடவை எம்ப வேண்டும். "லேசா வலிக்கும், பரவாயில்ல. வீக்கமோ சூடோ வந்தா மட்டும் நிறுத்திடுங்க." மூன்று மாதத்தில் பதினைந்து வந்தால் ஆபரேஷன் வேண்டாம்.

எண்ணுகிற வேலை எனக்கு.

எங்கள் இருவருக்கும் நடுவில் ஒருத்தன் இருந்தான். அவனுக்கும் இதே வியாதி. ஆறு வயதில் பெஞ்சிலிருந்து விழுந்தான், தலைக்குள் ரத்தம், மறுநாள் இல்லை. அன்றைக்குப் பார்த்துக்கொள் என்று அம்மா விட்டுப்போனது என்னிடம்தான். அதற்கப்புறம் இவனை நான் ஓடவே விட்டதில்லை. தெருவில் கால் வைத்தால் காதைத் திருகி இழுத்து வருவேன். தொட்டாலே உடைந்துவிடுவான் என்று பையன்கள் இவனுக்குக் கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

"வீட்ல பதினஞ்சும் முழுசா செஞ்சீங்களா சார்?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒரு வேளை விடலைம்மா. அக்காதான் எண்ணுனா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஊரையே வாயால் விற்றுவிட்டு வருகிறவள் நான். அன்றைக்கு அந்தத் தாளில் இருந்த ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு எம்புவான். ஏழில் உதட்டைக் கடிப்பான். எட்டில் நெற்றி நரம்பு புடைக்கும். எட்டுக்குப் பிறகு நான் பதினொன்று என்பேன். சில நாள் பன்னிரண்டு. அதற்கு மேல் குதிகால் அரைகுறையாக எழுந்தாலும் கணக்கில் சேர்த்துவிடுவேன். பாவி, என்னால் பார்க்க முடியவில்லை.

அந்தப் பெண் டாக்டரிடம் பேசப் போனாள். நான் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"டேய், நான் வந்து..."

"தெரியும்க்கா. எட்டுக்கு அப்புறம் பதினொண்ணு."

"எப்பலேர்ந்துடா தெரியும்?"

"மொத நாள்லேர்ந்து. நாள் பூரா மாத்திரை எண்ணுறவன்கிட்டயா?"

"அப்ப ஏன்டா சொல்லித் தொலைக்கல?"

"எனக்கும் வலிச்சுதுக்கா. நீ சொன்னா சொல்லிட்டுப் போன்னு விட்டுட்டேன்."

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் திரும்பி வந்தாள். அடுத்த மாதம் ஆபரேஷன், தேதி போட்டாயிற்று என்றாள்.

அவன் எழுந்து சுவர் பக்கம் திரும்பினான்.

"உக்காருடா. இனிமே எதுக்கு?"

"நீ எண்ணு."

எண்ணினேன். ஒன்றையும் விடவில்லை. ஒன்பது சொன்னபோது அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பத்தாவதுக்கு எம்பினான். குதிகாலுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. பத்து என்று சொல்லலாமா என்று குனிந்து பார்த்தேன். அவன் குதிகாலை இறக்காமல், கால் நடுங்க நடுங்க, நான் சொல்வதற்காக நின்றுகொண்டிருந்தான்.