மருந்தைத் தின்னும் பூஞ்சை

கிட்டே வாருங்கள் செல்லங்களா, போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு உட்காருங்கள். கயாம்பே மலையடி ரோஜாத் தோட்டத்தில் கழிவுநீரைச் சுத்தம் செய்கிற எர்மிலாவுக்கு ஒரு ஜனவரியில் நேர்ந்ததைச் சொல்கிறேன். நீளமான கதை இல்லை, தூக்கம் வருவதற்குள் முடிந்துவிடும்.

ஜனவரி வந்தால் தோட்டத்தில் மூச்சுவிட நேரமிருக்காது. பிப்ரவரிக் காதலர் தினத்துக்குப் பூ போக வேண்டும். மருந்து தெளிக்கிறவர்கள் நாளுக்கு நாலைந்து தடவை ட்ரம்மையும் குழாயையும் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரும், ரப்பர் உடுப்பு அலசின தண்ணீரும் எர்மிலாவின் கொட்டகைக்குத்தான் வரும். முதலில் தேக்கத் தொட்டி. அதற்கடுத்து, வாற்கோதுமை வைக்கோலும் மண்ணும் மட்கிய எருவும் கலந்து நிரப்பிய நீளக் குழி. தண்ணீர் அதில் சொட்டுச் சொட்டாக இறங்கும். வைக்கோலில் வெள்ளை நூலாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் மருந்தைத் தின்று தீர்க்கும். தப்பித்த மிச்சத்தைக் கரித்தொட்டி பிடித்துக்கொள்ளும். கடைசியில் ஒரு வால்வு. அதற்கு அந்தப் பக்கம் ஊர் வாய்க்கால்.

வாய்க்காலின் முதல் மடை எர்மிலாவின் அண்ணி சோய்லாவுடையது. அங்கே விளைகிற குதிரைமசால் என்ற தீவனப் பயிரைத் தின்றுதான் அவள் வீட்டுக் கினிப்பன்றிகள் நாற்பதும் வளர்ந்தன. இந்தக் கொட்டகை வருவதற்கு முன்னால், ஒரே வாரத்தில் அவற்றில் பாதி செத்துப்போனதும் உண்டு. கொட்டகை வந்தபோது ஊர்த் தண்ணீர்க் கூட்டத்தில் எர்மிலா எழுந்து, "இனிமே வர்ற தண்ணிக்கு நான் பொறுப்பு" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

ஒரு திங்கட்கிழமை காலை கொட்டகையில் நுழைந்தவளுக்கு மூக்கு எரிந்தது. குழியின் வைக்கோல் முழுக்கப் பூஞ்சைக்கொல்லி மருந்தின் நீலம் படிந்திருந்தது. மருந்து தெளிக்கும் கொன்சாலோ பின்னாலேயே சிரித்துக்கொண்டு வந்தான்.

"அக்கா, உன் வைக்கோல்ல வெள்ளையா பூஞ்சை புடிச்சுக் கெடந்துச்சு. சனிக்கிழமை ட்ரம்முல மிஞ்சின பூஞ்சை மருந்த நல்லா நனைய அடிச்சு விட்டேன். ஒண்ணு தப்பிக்கல. ஒரு கோலாவாவது வாங்கித் தரணும் நீ."

பதினேழு வருடம் ரோஜா மொட்டுகளில் சாம்பல் பூஞ்சையைத் தேடித் தேடிக் கொன்ற கை அது. வெள்ளையாக எதைப் பார்த்தாலும் சும்மா இருக்காது.

"பாவி! எனக்கு வேலை செஞ்ச ஆளுங்களை எல்லாம் கொன்னுட்டியேடா! அலசின தண்ணியில வர்ற கொஞ்சத்தைத்தான் அதுங்க திங்கும், முழு மருந்தை அடிச்சா தாங்குமா?" என்றாள் எர்மிலா. சொன்ன கையோடு வால்வை மூடிப் பூட்டுப் போட்டு, சாவியை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

மேலாளர் ஃபாபியான் ஓடிவந்தார். அவரை எல்லோரும் இன்ஜினியர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தொட்டி ஆறு நாள்ல ரொம்பிடும் எர்மிலா. ரொம்பினா கழுவ முடியாது, கழுவலன்னா மருந்தடிக்க முடியாது. கரித்தொட்டி இருக்குல்ல, அது பாத்துக்கும். தொற!"

"கரி ஒரு வாரம் தாங்கும் இன்ஜினியரே. அப்புறம் உள்ள போனது அப்படியே வெளிய வரும். எங்க அண்ணி தெனம் மசால் அறுக்கறா."

"உன் வேலை போயிடும், பாத்துக்கோ."

"போவட்டும். பூட்டை ஒடைக்கற சத்தம் கேட்டா ஊரே வாய்க்கால்ல வந்து நிக்கும், அதையும் பாத்துக்கோங்க."

தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற கொன்சாலோ தொண்டையைச் செருமினான்.

"இன்ஜினியரே, பசுமைக் குடிலுக்குக் குடில் மருந்த மாத்தி மாத்தி அடிக்கறதாலதான் இத்தனை கழுவல். ஒரு நாளைக்கு ஒரே மருந்துன்னு வச்சுக்கிட்டா, அலசற தண்ணியையும் அடுத்த கலவையிலயே ஊத்திக்கலாம். இங்க வர்றது கால்வாசிகூட இருக்காது."

"இத இத்தனை வருஷமா ஏன்யா சொல்லல?"

"யாரு கேட்டீங்க?"

இன்ஜினியர் முணுமுணுத்துக்கொண்டே தலையாட்டினார்.

மத்தியானம் எர்மிலா அண்ணி வீட்டு வாசலில் போய் நின்றாள். ஒளிக்காமல் நடந்ததைச் சொன்னாள். சனிக்கிழமைக்கப்புறம் தண்ணீர் பாய்ந்த பாத்தியை அறுக்க வேண்டாம் என்றாள்.

"வாங்க பொறுப்புக்காரி!" என்றாள் சோய்லா. "என் பன்னிங்க எதைத் திங்கும்? நீ கூட்டத்துல பேசின பேச்சையா?"

"என் கொல்லையில சோளத்தட்டை இருக்கு அண்ணி. தெனம் நானே கொண்டாந்து போடறேன்."

சோய்லா மலைப்பக்கம் கையைக் காட்டினாள். "மேல யூகலிப்டஸ் தோப்புல உளுத்த கட்டைங்க வெள்ளை நூல் புடிச்சுக் கெடக்கு. உன் குழிக்கு ஆவும்னா கழுதைய ஓட்டிட்டுப் போ. சாயங்காலத்துக்குள்ள கொண்டாந்து கட்டிடணும்."

கெட்டுப்போன வைக்கோலை மழை படாத சிமெண்ட் குழியில் போட்டு மூடினார்கள். கழுதையில் வந்த உளுத்த கட்டைகளைத் தூளாக்கிப் புது வைக்கோலில் கலந்தவன் கொன்சாலோதான். யாரும் அவனை ஏவவில்லை. இருபத்து மூன்றாம் நாள் வெள்ளை நூல் தலைகாட்டியது. அப்போது தேக்கத் தொட்டி நிரம்ப ஒரு சாண்தான் பாக்கி. எர்மிலா தண்ணீரைக் குழியில் விட்டு, வடிந்ததையே மறுபடி மறுபடி மேலே ஏற்றிச் சுற்றவிட்டாள். அதில் ஒரு புட்டியைத் தலைநகர் கீட்டோவுக்குச் சோதனைக்கு அனுப்பினாள். அந்த இடைவெளியில், வேண்டிய மருந்தை வேண்டிய நாளில் அடிக்க முடியாமல் இரண்டு குடில்களில் மொட்டு அழுகிப்போனது. அதற்காக வெகுநாள் இன்ஜினியரிடம் வசவு வாங்கினாள், ஆனால் வேலை போகவில்லை.

தண்ணீர் சுத்தம் என்று தாள் வந்த பிறகுதான் வால்வைத் திறந்தாள். சோய்லா லேசில் நம்புகிறவளா? புதுத் தண்ணீர் பாய்ந்த மசாலில் ஒரு பிடி அறுத்து ஒரே ஒரு கிழட்டுக் கினிப்பன்றிக்குப் போட்டு, மூன்று நாள் பார்த்திருந்தாள். அது இன்னும் கொடு என்று கீச்சிட்டது. நாலாம் நாள் ஒரு கட்டு அறுத்து, நாற்பதுக்கும் அள்ளிப் போட்டாள்.

உங்கள் வீட்டுக்கு வருகிற தண்ணீர் நல்லதாகவே வரட்டும், என் கண்ணுகளா. உங்கள் வீட்டிலிருந்து போகிற தண்ணீரும் அடுத்த வீட்டைக் கெடுக்காமல் போகட்டும். உங்கள் அடுப்பு அணையாமல், பட்டியில் குட்டிகள் பெருகி, எல்லோரும் சுகமாக இருங்கள்.