சொறிக்கல்முனை வீடும் டொலனின் காணியும்

டென்மார்க்கின் ஸ்கீவ நகரில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறுதான் கத்தோலிக்கப் பூசை. எண்ணிப் பார்த்தால் இருபது பேர் தேறுவார்கள். பூசை முடிந்ததும் கோப்பியும் கேக்கும் உண்டு. அந்தக் கேக்குக்காகவே சிலர் பக்தியோடு வருகிறார்கள் என்று தவராஜா சொல்லுவான். அவன் இந்து. ஆனாலும் கேக் துண்டு தவறாமல் அவனுக்கும் கிடைக்கும்.

1989 செப்டெம்பரில் ஒரு ஞாயிறு, தவராஜாவின் அறைத்தோழன் ஸ்ரனிஸ்லாஸ் கேக்கைத் தொடவேயில்லை. சட்டைப்பையில் கிடந்த கடிதம் அவன் பசியைத் தின்றிருந்தது. மனைவி புஸ்பராணியையும் மகள் கிறிஸ்ரினாவையும் டென்மார்க்குக்கு எடுப்பதற்கு அவன் விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஓடிவிட்டது. தமிழரின் குடும்ப விண்ணப்பங்கள் எல்லாம் அசையாமல் கிடந்த காலம் அது. பத்திரிகைகளில் சத்தம் எழுந்து, இப்போதுதான் ஒவ்வொன்றாக நகரத் தொடங்கியிருந்தன. அவனுடையதும் நகர்ந்தது, ஆனால் ஒரு கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தது.

"நீர் தாண்டவன்வெளியிலும் உமது மனைவி சொறிக்கல்முனையிலும் வசித்ததாக எழுதியிருக்கிறீர். நீங்கள் சேர்ந்து வாழ்ந்தீர்கள் என்பதற்கு அத்தாட்சி என்ன? ஆறு கிழமைக்குள் பதில் தரவும்."

"சேர்ந்து வாழாமல் பிள்ளை என்ன வானத்தில இருந்தோ விழுந்தது?" என்று அவன் வெடித்தான்.

"அண்ணை, அதை அப்பிடியே எழுதிப் போடாதேங்கோ," என்றான் தவராஜா.

எதிரே உட்கார்ந்திருந்த பிரிஜட் அம்மையாருக்குத் தமிழ் தெரியாது. அவர் அயர்லாந்துக்காரி, டென்மார்க்காரர் ஒருவரைக் கட்டி, இருபத்தைந்து வருடமாக இங்கே முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை செய்கிறவர். ஸ்ரனிஸ்லாசும் அவரும் ஆங்கிலத்தில் கதைப்பார்கள். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு: தன் முன்னோரைத் தேடுவது. விடுமுறைக்கு ஊர் போனால் கடற்கரைக்குப் போகமாட்டார். பங்குக் கோயில்களிலும் ஆவணக் காப்பகத்திலும் தூசி தின்றுவிட்டு வருவார். அன்றும் கேக் தட்டுகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பழைய பதிவுகளின் பிரதிகளைப் பரப்பியிருந்தார்.

"ஒன்பது வருடம்!" என்று அவர் மேசையைத் தட்டினார். "பூட்டனார் மைக்கல் டொலன் 1860இல் இந்தக் காணி வரிப் புத்தகத்தில் திடீரென்று முளைக்கிறார். அந்த ஊரில் அவருக்குத் தகப்பன் இல்லை, ஞானஸ்நானம் இல்லை. மண்ணுக்குள் இருந்து வந்தவர் மாதிரி."

ஸ்ரனிஸ்லாஸ் பிரதியை எட்டிப் பார்த்தான். மட்டக்களப்பில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் ஆறு வருடம் எழுத்தராக இருந்தவன் அவன். இங்கே இறைச்சித் தொழிற்சாலையில் பன்றி வெட்டினாலும், காணிப் பத்திரத்தைக் கண்டால் கை தானாக நீளும். வரிப் புத்தகத்தில் 'ஹ்யூ கனன்' என்ற பெயர் கோடிட்டு வெட்டப்பட்டு, அதன் மேல் 'மைக்கல் டொலன்' என்று எழுதியிருந்தது.

"கனன் காணியை விற்றாரா?" என்று கேட்டான்.

"விற்ற பத்திரம் எதுவும் இல்லை."

"டொலனுடைய மனைவி யார்?"

"ஒனோரா. பிள்ளைகளின் ஞானஸ்நானப் பதிவில் அவள் குடும்பப் பெயர் இருந்த இடம் நனைந்து அழிந்துவிட்டது."

"தலைப்பிள்ளையை ஞானஸ்நானத்தில் ஏந்திய ஞானத்தகப்பன் யார்?"

பிரிஜட் தாளைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. ஹ்யூ கனன்.

ஸ்ரனிஸ்லாசுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடிதம் வந்த நாளுக்குப் பிறகு அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. "மேடம், இவர் மண்ணுக்குள் இருந்து வரவில்லை. மாமனார் வீட்டுக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போவான். ஒனோரா இந்தக் கனனின் மகளாய்த்தான் இருக்கவேணும். டொலனுடைய தகப்பனை வேறு பங்கில் தேடுங்கள்."

பிரிஜட் வாயைப் பிளந்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். "எங்கள் ஊரிலும் வீட்டோடு போன மருமகன்மார் உண்டு! ஆனால் என் தாத்தா, டொலன் காணி டொலன் காணி என்று பெருமை அடித்தே செத்தார். அது பெண்வழி வந்த காணி என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை." அவர் எழுந்து வந்து ஸ்ரனிஸ்லாசின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். பாதிரியார் கோப்பிக் கோப்பையோடு திரும்பிப் பார்த்தார்.

குலுக்கிக்கொண்டிருந்த கை திடீரென்று நின்றது.

"அப்படியென்றால் நீர்? கலியாணத்துக்குப் பிறகு நீர் எங்கே இருந்தீர்?"

"சொறிக்கல்முனையில். அவளுடைய வீட்டில்."

"பிறகு ஏன் தாண்டவன்வெளி என்று எழுதினீர்?"

படிவத்தில் நிலையான முகவரி கேட்டிருந்தார்கள். நிலையான முகவரி என்று கேட்டால் மாமியார் வீட்டை எழுதுகிற ஆண்பிள்ளை அவனுடைய ஊரில் எவன் இருக்கிறான்? மூன்று வருடம் அங்கே உண்டு உறங்கினாலும், கடதாசி என்று வந்தால் தாண்டவன்வெளியில் உள்ள அப்பாவின் வீடுதான். அதில் பொய் இருப்பதாக அவனுக்கு ஒரு கணமும் தோன்றியதில்லை.

"வெட்கம்," என்றான் மெதுவாக.

"டொலனுக்கும் அதேதான்," என்றார் பிரிஜட். "நான் ஒன்பது வருடம் தொலைத்தேன். நீர் தொலைக்கவேண்டாம். அந்தக் காணிக்குப் பத்திரம் இருக்கிறதா?"

இருந்தது. சீதன உறுதி. தன் சீதன உறுதியை மாப்பிள்ளை தானே எழுதக்கூடாது என்று நொத்தாரிசு ஐயா அவனை வெளியே உட்காரவைத்து எழுதிய உறுதி. 1984ஆம் ஆண்டுத் திகதியோடு, 'என் மகள் புஸ்பராணியும் அவள் கணவன் ஸ்ரனிஸ்லாசும் தற்போது குடியிருக்கும் வீடும் வளவும்' என்று அதில் ஒரு வரி உண்டு. அது அவள் சொத்து என்பதால், தன் விண்ணப்பத்துக்கு உதவும் என்று அவன் நினைத்ததே இல்லை.

அன்றைக்கே ஊருக்குக் கடிதம் எழுதினான். நாலு கிழமை அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஐந்தாம் கிழமை தவராஜா பதிவுத் தபாலைத் தலைக்கு மேல் ஆட்டியபடி படியேறி வந்தான். உறுதியின் பிரதியோடு புஸ்பராணி எழுதிய ஒரு துண்டும் இருந்தது.

"இதை முதலே கேக்கிறதுக்கென்ன? மாமியார் வீட்டில திண்ட சோறு மூண்டு வருசம் இனிச்சுது, எழுத மட்டும் கசந்ததோ?"

தவராஜா அதை உரக்க வாசித்து, மூன்று தரம் வாசித்து, கட்டிலில் விழுந்து சிரித்தான். ஸ்ரனிஸ்லாஸ் அழுதுகொண்டே சிரித்தான். உறுதியை மொழிபெயர்ப்பித்து, கிழக்கிலங்கையில் மாப்பிள்ளை எங்கே போய் வாழ்வான் என்று பிரிஜட் டேனிஷில் எழுதிய இரண்டு பக்க விளக்கத்தோடு, கெடுவுக்கு மூன்று நாள் முன்பு அனுப்பிவைத்தார்கள்.

தைப் பொங்கல் கழிந்து அனுமதி வந்தது. அதே கிழமை பிரிஜட்டுக்கும் அயர்லாந்திலிருந்து கடிதம்: ஊர் ஏரிக்கு அக்கரையில் இருந்த பங்கில் மைக்கல் டொலனின் ஞானஸ்நானம் அகப்பட்டுவிட்டது, தாய் தகப்பன் பெயரோடு. பூசைக்குப் பிறகு அவர் இருபது பேருக்கும் தன் கையால் கேக் வெட்டினார்.

மார்ச் மாதத்தில், கொம்யூன் எனப்படும் நகரசபை கொடுத்த புது வீட்டுக்கு ஸ்ரனிஸ்லாஸ் மனைவியையும் மகளையும் கூட்டிவந்தான். கிறிஸ்ரினாவுக்கு ஐந்து வயது. ரயிலில் தவராஜா மாமாவின் தோளில் ஏறியவள் இறங்க மறுத்துவிட்டாள். வாசலில் புஸ்பராணி நின்றாள். கதவில் புதிதாகப் பொருத்திய பெயர்ப்பலகையில், மேலே புஸ்பராணி என்றும் அதற்குக் கீழே ஸ்ரனிஸ்லாஸ் என்றும் இருந்தது.

"இதென்ன, என்ர பேர் மேல கிடக்கு?"

"வீடு உன்ர. நான் வந்து குடியிருக்கிறன். இந்த முறை சரியா எழுதிப்போட்டன்."

அவள் பலகையை விரலால் தடவினாள். அவன் கையிலிருந்த திறப்பை வாங்கிக் கதவைத் திறந்து, வலது காலை வைத்து உள்ளே போனாள். பையை இறக்கி வைத்துவிட்டுத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, வாய் சிரித்தது.

"பிறகேன் வாசலில நிக்கிறீங்கள்? உள்ளுக்கு வாங்கோ."