பெலிகன் வராத நாள்

ஆறு வருடங்களாக நாங்கள் பத்தொன்பது பேர் ஒரே கப்பலில் போய்க்கொண்டிருந்தோம். கப்பல் இருந்தது கணினித் திரையில். நாங்கள் இருந்தது விக்டோரியா மாநிலத்தின் மூலைமுடுக்குகளில். என் பெயர் நோரின் ட்ரான்டர். ஹார்ஷமில் ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை. விளையாட்டில் நான்தான் கேப்டன். யார் பீரங்கிக்குப் போவது, யார் பாய்மரம் ஏறுவது என்று விரட்டுவது என் பொறுப்பு. சுக்கான் பிடிப்பவன் மில்டியூராவில் இருந்த டூகல் பெட்ரி. விளையாட்டில் அவன் வைத்துக்கொண்ட பெயர் பெலிகன், பெரிய அலகுள்ள நீர்ப்பறவையின் பெயர். எந்தப் புயலிலும் பதறாத குரல். நாங்கள் யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை. ஹெட்போனில் கேட்கிற குரல்தான் எங்களுக்கு முகம்.

நேரில் கூடலாம் என்று கிளப்பிவிட்டது நான்தான். ஜூன் மாத நீண்ட வார விடுமுறைக்கு பாலரட்டில் ஒரு பழைய கிளப்பின் மாடி மண்டபத்தைப் பிடித்தேன். அவரவர் கணினியைத் தூக்கிக்கொண்டு வரவேண்டும், இரண்டு நாள் ஒரே அறையில் உட்கார்ந்து ஆடவேண்டும். ஆட்டத்தின் நடுவே இதை அறிவித்தபோது ஒரே ஆரவாரம். அது அடங்கியதும் பெலிகன் கேட்டான்.

"கேப்டன், மேல போக லிஃப்ட் இருக்கா?"

"ஏன்டா, படியேறினா கால் தேஞ்சிடுமா? சோம்பேறி!"

எல்லோரும் சிரித்தார்கள். ஷெப்பர்டனில் லாரி ஓட்டும் டெவிடா, "பெலிகனுக்குப் பறக்கத் தெரியாதாமே!" என்றான். பெலிகனும் சிரித்தான். அவன் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

ஜூன் எங்கள் பக்கம் குளிர்காலம்; அந்தச் சனிக்கிழமை காலை பாலரட்டில் கைவிரல் விறைக்கும் குளிர். கிளப்பின் பின்னால் ஆறு வண்டி நிற்கும் இடம் எங்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். ஆட்கள் திரைகளையும் பெட்டிகளையும் சுமந்து மூச்சிரைக்க மாடியேறிக்கொண்டிருந்தார்கள். வாசலை ஒட்டி ஒரு வெள்ளை வேன் வந்து நின்று கால் மணி நேரம் ஆகியிருந்தது. பின்கதவில் ஆரஞ்சுப்பழ ஸ்டிக்கர். உள்ளே கம்பளித்தொப்பி போட்ட ஒருவன் இறங்காமல், திறந்திருந்த மண்டபக் கதவையும் அதன் பின்னால் தெரிந்த படிகளையும் பார்த்தபடி இருந்தான். எனக்கு எரிச்சல். போய்க் கண்ணாடியைத் தட்டினேன்.

"சார், இது எங்க ஆளுங்களுக்கு ஒதுக்கின இடம். ஆறு மாசமா ஏற்பாடு பண்ணியிருக்கோம். கொஞ்சம் வண்டிய எடுத்துடுறீங்களா?"

அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். வாய் திறந்தான், மூடிக்கொண்டான். பிறகு தலையசைத்து வண்டியைப் பின்னால் எடுத்தான். "நன்றி" என்று நான் சொன்னபோது வேன் தெருவுக்குப் போய்விட்டிருந்தது.

பதினோரு மணிக்கு பெலிகனிடமிருந்து செய்தி வந்தது: வண்டி வழியில் மக்கர் பண்ணிவிட்டது, வர முடியவில்லை, ஜமாயுங்கள். நாங்கள் அவனுக்காகப் போட்டிருந்த நாற்காலியில் அவன் அளவு என்று ஊகித்து வாங்கிய சட்டையை மாட்டிவைத்தோம். சுக்கானை நானே பிடித்து மூன்று தடவை கப்பலைப் பாறையில் மோதினேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. நல்ல நாள் அது. இன்று நினைக்கையில் அதுதான் அதிகம் குத்துகிறது.

அதன்பின் மூன்று வாரம் பெலிகன் ஆட வரவில்லை. மில்டியூராவுக்குச் சரக்கு ஏற்றிப்போன டெவிடா, அந்தச் சட்டையைக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அவன் வீட்டுக்குப் போனான். மத்தியானம் எனக்குப் போன் செய்தான்.

"கேப்டன், நம்ம பெலிகன் சக்கர நாற்காலியில இருக்கான். பதினாலு வருஷமாச்சாம். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாருங்க. கையாலயே ஓட்டுற மாதிரி ஒரு வேன் வச்சிருக்கான்."

"என்ன வேன்?"

"வெள்ளை. பின்னாடி ஏதோ ஆரஞ்சுப்பழப் படம். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"உங்களுக்காவது முன்னாடி தெரியுமா?"

"தெரியாது" என்றேன். அந்த வார்த்தை மட்டும் உண்மை.

அன்று மாலை கப்பலில் பேச்செல்லாம் அதுதான். ஆளாளுக்கு, "அவன் சொல்லியிருக்கணும்ல? சொல்லியிருந்தா வேற இடம் பாத்திருப்போமே" என்றார்கள். நானும், "ஆமா, சொல்லியிருக்கணும்" என்றேன். வேனைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. நான் வாய் திறக்காவிட்டால் அது அப்படியே புதைந்துபோகும். ஒன்பது நாள் அந்தத் தைரியத்தில் இருந்தேன். மருத்துவமனையில் நோயாளிகளை "உள்ளே போங்க" என்று சொல்லும்போதெல்லாம், கண்ணாடியைத் தட்டிய என் குரலே எனக்குக் கேட்டது.

பத்தாம் நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் வண்டி ஓட்டி மில்டியூரா போனேன். கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. டீ போட்டுத் தந்தான்.

"அன்னிக்கு அது நான்னு உனக்குத் தெரிஞ்சுதா?" என்று கேட்டேன்.

"நீங்க 'சார்'னு ஆரம்பிச்சதுமே தெரிஞ்சுது. ஆறு வருஷமா காதுல கேட்ட குரலாச்சே."

"அப்புறம் ஏன்டா பேசல?"

"பேசினா கண்டுபிடிச்சிருப்பீங்க. டெவிடாவக் கூப்பிட்டிருப்பீங்க. நாலு பேரு என்னைத் தூக்கிட்டு மேல ஏறியிருப்பீங்க. கை தட்டியிருப்பீங்க, அழுதிருப்பீங்க." கோப்பையை மடியில் வைத்துக்கொண்டான். "உங்க எல்லாரையும் புயலுக்குள்ள ஓட்டிட்டுப் போனவன் நான். உங்க முன்னாடி மூட்டையா வர எனக்கு மனசு வரல."

"நீ லிஃப்ட் இருக்கான்னு கேட்ட. நான் கேலி பண்ணிட்டேன்."

"ஆமா."

"இடத்த விட்டு விரட்டினேன். அப்புறம் எல்லார்கிட்டயும் உன்மேலதான் தப்புங்கற மாதிரி பேசினேன்."

இது அவனுக்குத் தெரியாது. முகம் மாறியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இப்ப நான் 'பரவாயில்ல'ன்னு சொல்லணும். அஞ்சு மணி நேரம் ஓட்டிட்டு வந்து, கால் மணி நேரம் நின்னுட்டு, அஞ்சு மணி நேரம் திரும்பி ஓட்டினேன் கேப்டன். இன்னிக்கு எனக்கு அது வாயில வரல."

"வர வேணாம்" என்றேன். டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் மற்ற பதினேழு பேர் காதிலும் எல்லாவற்றையும் சொன்னேன். டெவிடாதான் முதலில் பேசினான்: "அன்னிக்கு நான் போன்ல கேட்டேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே." ஆறு வருடத்தில் அவன் என்னிடம் சிரிக்காமல் பேசியது அதுதான் முதல்முறை. ஆட்டத்தை நடத்தும் பொறுப்பை அவனிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை.

ஆகஸ்டில் டூகல் ஆடத் திரும்பி வந்தான். நவம்பரில் அவனே ஒரு கூடல் ஏற்பாடு செய்தான். மர்ரே நதிக்கரையில் ஒரு படகுக் கிளப், எல்லாம் சமதளம். அழைப்பு எல்லோருக்கும் போனதுபோல் எனக்கும் வந்தது. தனியாக ஒரு சொல்லும் அதில் இல்லை. போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். போனேன்.

அவனைச் சுற்றி ஒரே கூட்டம். டெவிடா தோசைக்கல் மாதிரி பெரிய தட்டடுப்பில் சாசேஜ் புரட்டிக்கொண்டிருந்தான். நான் ரொட்டியும் வெங்காயமும் நறுக்கும் மேசையில் ஒதுங்கினேன். டூகல் ஒருமுறை அந்தப் பக்கம் வந்து, தக்காளி சாஸ் எங்கே என்று கேட்டான். எடுத்துக் கொடுத்தேன். "வழியில மழை இருந்துதா?" என்றான். "ஓயன் ஊரு வரைக்கும் இருந்துது" என்றேன். அவ்வளவுதான். சிரிப்புச் சத்தம் கேட்ட பக்கம் அவன் போய்விட்டான். நான் இன்னொரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.