நிலைக்காலில் இரண்டு ஆணி ஓட்டைகள்

"கதவைத் திற ஃபைவிஷ். நான்தான், யெஃபீம்."

ஃபைவிஷ் தாழ்ப்பாளை நீக்கினான். ரயில்வே பட்டறையில் வேலை பார்க்கும் யெஃபீம் கோட்டுக்குள்ளிருந்து ஒரு மாதா படத்தை உருவினான். ரஷ்யப் பேரரசர் ஜார் மக்களுக்கு உரிமை கொடுத்துவிட்டார் என்று நேற்று இருவரும் ஒரே செங்கொடியைப் பிடித்து ஊர்வலம் போனவர்கள். இன்று ஜாரின் படத்தைத் தூக்கிக்கொண்டு வேறொரு ஊர்வலம் யூதர்களை அடித்து நொறுக்க யூதத் தெருவுக்குள் நுழைந்திருந்தது. கண்ணாடி உடையும் சத்தம் வீடு வீடாக நெருங்கியது.

"இதை ஜன்னல்ல வை. மாதா இருக்கிற வீட்டை அவனுங்க தொடமாட்டானுங்க."

"எங்க வீட்டுல மாதாவாண்ணா?" ஃபைவிஷின் மனைவி ஹிந்தா நிறைமாத வயிற்றைப் பிடித்தபடி வந்தாள்.

"அவங்களும் யூதப் பொண்ணுதானே தங்கச்சி. ஒரு நாள் இருந்துட்டுப் போகட்டும்."

ஹிந்தாவே படத்தை ஜன்னலில் சாய்த்தாள்.

நிலைக்காலில் வேதவரி வைத்த மெசுசாக் குப்பி இருந்தது. வாசல் தாண்டும்போதெல்லாம் தொட்டு, விரலை முத்தமிடுவது அந்த வீட்டு வழக்கம். யெஃபீம் திருப்புளியால் அதை நெம்பித் தன் பையில் போட்டுக்கொண்டான். இரண்டு ஆணி ஓட்டைகள் மிஞ்சின.

"நீ வாயைத் திறக்காத. நீ பேசுற ரஷ்ய பாஷையைக் கேட்டா யூதன்னு குதிரைகூடக் கண்டுபிடிச்சிடும். ஊமைன்னு சொல்லிக்கிறேன்."

தொழிற்சங்கத்தில் சேர்ந்தபோதே தாடியை எடுத்துவிட்டவன் ஃபைவிஷ். தாடியில்லாத அந்த முகமும் காப்பாற்றும் என்று மூவரும் நம்பினார்கள்.

கூட்டம் வந்தது. கடப்பாரையோடு முன்னால் நின்ற தாடிக்காரன் அந்தத் தெருவுக்குப் புதியவன். மாதாவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"யார் வீடு?"

"எங்க அண்ணன் வீடுங்க. பிறவி ஊமை." வாசல்படியில் நின்ற யெஃபீம் சொன்னான்.

"ஊமைக்கு உதடு இருக்குல்ல? வந்து ஜார் படத்துக்கு ஒரு முத்தம் கொடுக்கச் சொல்லு. போயிடறோம்."

ஃபைவிஷ் நிதானமாகத்தான் வந்தான். ஒரு காலை வெளியே வைத்தான். வலது கை தன்பாட்டுக்கு உயர்ந்து, அந்த ஓட்டைகளைத் தொட்டது. விரல்கள் உதட்டுக்கு வந்தன.

தாடிக்காரனின் பார்வை அந்த உதட்டிலிருந்து ஆணி ஓட்டைகளுக்குப் போனது.

"இவன் உன் அண்ணனா?" தாடிக்காரன் மெதுவாகத்தான் கேட்டான்.

யெஃபீம் கடப்பாரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதுங்க." படியிலிருந்து இறங்கினான்.

ஒருவன் உள்ளே போய் மாதா படத்தைப் பக்குவமாக எடுத்து வந்தான். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு யெஃபீமிடம் நீட்டினான்.

"பத்திரம். கீழ போட்டுடாத."

பிறகு ஃபைவிஷை உள்ளே தள்ளிக்கொண்டு எல்லோரும் நுழைந்தார்கள். கதவு சாத்தப்பட்டது.

யெஃபீம் படத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி தெருவில் நின்றான்.

உள்ளேயிருந்து ஹிந்தா, "அண்ணா" என்று கூப்பிட்டாள். ஒரு தடவைதான்.